வடாத்துக்குப் பக்கத்தில் ஒரு நாகஸ்வரம்

அண்ணனூரில் எங்கள் மொட்டைமாடியில் காலை ஏழு மணி. வடாம் காயும் பழைய வேட்டியின் ஓரத்தில் பெரியப்பாவின் நாகஸ்வரத்தைப் படமெடுக்கக் கிடத்தினேன். கல்யாண மண்டபத்தில் எத்தனையோ முறை பார்த்த வாத்தியம்தான். ஆனால் அரிசிமாவு வாசத்துக்கும் சாய்வெயிலுக்கும் நடுவே இன்றுதான் அதை முழுசாகப் பார்த்தேன். ஆச்சா மரத்தின் கருமை முற்றிய புளியங்கொட்டை போல மினுங்கியது. ஏழு விரல் துளைகளின் விளிம்பும் விரல் பட்டுப் பட்டு வழவழத்திருந்தது. வாய் வைத்து ஊதும் சீவாளியின் கழுத்தில் நூல் ஒரு சுற்றுகூட இன்னொன்றின்மேல் ஏறவில்லை. அந்த நெருக்கத்தில்தான் எத்தனை பொறுமை!

படத்தில் வேட்டியின் வெள்ளைக்கு நடுவே மரம் வெறும் நிழலாக விழுந்தது. கைப்பேசித் திரையில் மரத்தின் மேலேயே விரலை வைத்து வெளிச்சத்தைக் கூட்டினேன். ரேகைகள் எழுந்து வந்தன. "வெயில் ஏறுறதுக்குள்ள எடுத்துடு கண்ணு, மரம் வெடிச்சிடும்" என்றார் பெரியப்பா. எடுத்து முடித்ததும் சீவாளியை உதட்டில் நனைத்து ஒரே ஒரு ஷட்ஜம் பிடித்தார். ஆவடிப் பக்கம் போன மின்சார ரயிலின் இரைச்சல் அடங்கியும் அந்த ஸ்வரம் மாடியில் நின்றது. படத்தில் அது இல்லை. ஆனால் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறது.