இரண்டரைச் சுற்று

மும்பையில் பாந்த்ராவோடு ஆட்டோக்கள் நின்றுவிடும். மாஹிம் காஸ்வேயைத் தாண்டித் தெற்கே வந்துவிட்டால் வாடகை வண்டி என்றால் கார்தான். புதன்கிழமை புனித மைக்கேல் தேவாலயத்தில் நொவேனா, வியாழக்கிழமை மக்தூம் அலி மாஹிமி தர்காவில் கூட்டம். இந்த இரண்டு நாளும் லேடி ஜம்ஷெட்ஜி சாலையில் கார் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை எத்தனை முறை கடைசிவரை ஒடிப்பார், எத்தனை முறை ஹாரனை அழுத்துவார் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு ஒடிப்புக்கும் ஸ்டியரிங் சக்கரத்தின் அடியில் ஒரு நாடா விரிந்து சுருங்குகிறது. அந்த நாடாவைப் பார்த்தவர்கள் குறைவு. பழுதில்லாமல் கழற்றத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

மெக்கானிக்குகள் அதைக் கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். டொயோட்டாக்காரர்களுக்கு ஸ்பைரல் கேபிள், சுசூகிக்காரர்களுக்குக் கான்டாக்ட் காயில். உள்ளங்கை அகலத்தில் நடுவில் ஓட்டையுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் மெல்லிய பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே செம்புக் கீற்றுகளை ஒட்டிச் செய்த தட்டை நாடா, தையற்காரர் தளர்வாகச் சுருட்டிவைத்த அளவு நாடாவைப் போலக் கிடக்கும். ஒரு முனை ஸ்டியரிங் தண்டின் உறையோடு அசையாமல் இருக்கும். மறுமுனை சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். ஹாரன், பாட்டு மாற்றும் பித்தான்கள், ஏர்பேக் எல்லாவற்றுக்கும் மின்சாரம் போகிற வழி இது ஒன்றுதான்.

பழைய வண்டிகளில் இந்த நுணுக்கம் தேவைப்படவில்லை. 2023 அக்டோபர் இறுதியோடு மும்பைத் தெருக்களிலிருந்து விடைபெற்ற பிரீமியர் பத்மினி டாக்சிகளுக்கு ஏர்பேக் கிடையாது. அந்தக் காலத்துக் கார்களில் ஹாரனுக்கு ஓர் உலோக வளையமும் அதில் உரசிக்கொண்டு நிற்கும் ஒரு முனையும் போதும். உரசுகிற இடத்தில் அழுக்கு சேர்ந்தால் ஒரு தடவை ஹாரன் அடிக்காது, மறுபடி அழுத்தினால் அடிக்கும், அவ்வளவுதான். ஏர்பேக்குக்கு அந்த 'மறுபடி' கிடையாது. மோதல் நடந்து சுமார் 30 மில்லிசெகண்டில் பை விரிந்தாக வேண்டும். கடற்காற்றும் உப்பும் ஏறும் மாஹிமில் உரசல் தொடர்பை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்க முடியாது. ஆகவே அறுபடாத ஒரே கம்பி, ஆனால் சுற்றவும் வேண்டும் என்று யோசித்தவர்கள் கண்ட விடைதான் இந்த நாடா. காருக்குள் இருக்கும் பாகங்களிலேயே மிக அழகான யோசனை இது என்று எனக்குப் படுகிறது. இயந்திரத்தின் வலிமையை மெச்சுகிறவர்கள் நிறைய. இந்த மென்மையை மெச்ச ஆள் வேண்டும்.

தாராவிக்கும் மாஹிம் ஸ்டேஷனுக்கும் இடைப்பட்ட சந்துகளில் வயரிங் வேலை செய்கிற தமிழர்கள் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பங்களின் பிள்ளைகள். அப்படி ஒருவர் ஒரு பழைய டொயோட்டா இன்னோவாவில் இதைக் கழற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஏர்பேக் விளக்கு அணையவில்லை, ஹாரனும் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று வண்டியைக் கொண்டுவந்திருந்தார் டிரைவர்.

முதலில் முன் சக்கரங்களை நேராக நிறுத்தினார். சாவியை எடுத்தார். பேட்டரியின் மைனஸைக் கழற்றித் துணி சுற்றி ஒதுக்கினார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, ஆரம்பிக்கலையா?"

"மைனஸக் கழத்துனா மட்டும் போதாது தம்பி. பொட்டிக்குள்ள இன்னும் கரண்டு நிக்கும். நீங்க ஒரு டீயக் குடிச்சிட்டு வாங்க."

மோதலில் பேட்டரி இணைப்பு முதலிலேயே அறுந்துபோனாலும் பை விரிய வேண்டும் என்பதற்காக ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒரு கெப்பாசிட்டரில் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. அது வடிய டொயோட்டா கேட்பது 90 வினாடி. அவர் அதைவிட அதிகமாகவே காத்திருந்தார். வேலையின் பாதித் திறமை அந்தச் சும்மா இருத்தலில் இருக்கிறது.

ஸ்டியரிங் சக்கரத்தின் பக்கவாட்டுத் துளைகளில் நட்சத்திர முனைத் திருப்புளியை விட்டு இரண்டு திருகுகளைத் தளர்த்தினார். ஏர்பேக் கையோடு வந்தது. அதன் பின்னால் மஞ்சள் கப்ளர். ஏர்பேக் சம்பந்தப்பட்ட இணைப்புகளுக்கு மஞ்சள் நிறம் என்பது ஏறக்குறைய எல்லாக் கம்பெனிகளும் கடைப்பிடிக்கும் வழக்கம். தொடுகிறவர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதன் பூட்டை நகக்கண் அளவு தூக்கிவிட்டு, வயரைப் பிடிக்காமல் கப்ளரைப் பிடித்து உருவினார்.

இந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு நயம் உண்டு. கப்ளருக்குள் சின்னஞ்சிறு உலோகத் தகடு ஒன்று மடங்கி இருக்கிறது. இணைப்பு மாட்டியிருக்கும்வரை அது விலகி நிற்கும். உருவிய மறுகணம் தானாக நிமிர்ந்து ஏர்பேக்கின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்துவிடும். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம்கூடப் பையை விரியவைக்கும் எரியூட்டியைத் தூண்டாதபடி ஒரு காவல். எப்போதோ வரப்போகும் முகம் தெரியாத ஒரு மெக்கானிக்கின் உயிரை நினைத்து எங்கோ ஒரு வடிவமைப்பாளர் இந்தத் தகட்டை வைத்திருக்கிறார். அதனால்தான் சாதாரண மல்டிமீட்டரையோ டெஸ்ட் லாம்ப்பையோ ஏர்பேக் முனையில் வைக்கக் கூடாது என்பதும். அந்தத் தகடு தடுக்கிற மின்சாரத்தை நாமே கொண்டுபோய்க் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

கழற்றிய ஏர்பேக்கை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்துப் போய், அலங்கார முகம் மேலே பார்க்க, தனியாக வைத்தார். கவிழ்த்து வைத்தால், தப்பித் தவறி வெடிக்கும்போது அது மேலே எம்பிப் பாயும்.

அடுத்தது நடு நட்டு. தண்டிலும் சக்கரத்திலும் ஒரே நேர்கோட்டில் பெயின்ட் புள்ளி வைத்தார். நட்டைத் தளர்த்தினார், முழுதாகக் கழற்றவில்லை. இரண்டு மூன்று மரை பாக்கி விட்டார். இறுகிய சக்கரம் திடீரென்று விடும்போது மூக்கை உடைக்காமல் அந்த நட்டு பிடித்துக்கொள்ளும். அசைந்து கொடுத்த பிறகே நட்டை எடுத்தார். வயர்களை ஒவ்வொன்றாகச் சக்கரத்தின் துளை வழியே நுழைத்து அனுப்பிவிட்டுச் சக்கரத்தைத் தூக்கினார்.

கிளாக் ஸ்பிரிங் வெளியே தெரிந்தது. அதைத் தொடுவதற்கு முன்பே அவர் கை போனது டேப்புக்கு. சுற்றும் பாகத்தையும் சுற்றாத பாகத்தையும் சேர்த்துக் குறுக்கே ஒட்டிவிட்டார், ஒரு நூல் அளவுகூடத் திரும்பாதபடி. பழுதானதைத்தானே எடுக்கிறீர்கள், அதற்கு எதற்கு டேப் என்று கேட்டேன். "புதுசு சரியா அமையலன்னா இதத்தானே திரும்ப மாட்டணும்" என்றார். இப்படி ஒரு பதிலைக் கேட்ட பிறகு அந்த வண்டியைப் பற்றி யாரும் கவலைப்படத் தேவையில்லை.

பிளாஸ்டிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக விலக்கினார். பல வருட வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் இது; ஒரு பக்கம் நெம்பினால் மறுபக்கம் உடையும். எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்த பிறகு கையில் வந்தது.

மாட்டும்போதுதான் கணக்கு. நாடா மொத்தம் சுமார் ஐந்து சுற்று சுற்றும். ஸ்டியரிங்குக்கோ ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மூன்றரைச் சுற்று போதும். மிச்சமிருக்கும் தளர்வு நாடாவுக்கு ஆயுள். அந்தத் தளர்வு இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். புதியதைக் கையில் பிடித்து, நடுப்பாகத்தை மெதுவாக இடப்பக்கம் சுழற்றிக்கொண்டே போனார். முட்டியது, அழுத்தவில்லை. அங்கிருந்து வலப்பக்கம் இரண்டரைச் சுற்று. அடையாளக் குறிகள் நேருக்கு நேர் வந்தன. நடுவைத் தவறவிட்டு மாட்டினாலும் வண்டி ஓடும், ஹாரனும் அடிக்கும். ஒரு நாள் பார்க்கிங்கில் முழுதாக ஒடிக்கும்போது நாடா அறுந்துபோகும்.

வடிவம் கொஞ்சம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சாட்சியே இருக்கிறது. 2014 ஏப்ரலில் டொயோட்டா உலகம் முழுக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைப் பல குறைகளுக்காகத் திரும்ப அழைத்தது. அதில் ஒன்று இந்த ஸ்பைரல் கேபிள். உள்ளே நாடாவைத் தாங்கும் பிடிப்பின் அமைப்பால், ஸ்டியரிங் திரும்பும்போது நாடா உரசித் தேய்ந்து தொடர்பு அறக்கூடும் என்பதே குறை. இந்தியாவில் மட்டும் 2005 முதல் 2008 வரை செய்யப்பட்ட சுமார் 45,000 இன்னோவாக்கள் அந்த அழைப்பில் இருந்தன. உரசல் என்று சொன்னால் அற்பமாகத் தோன்றும் ஒரு விஷயம், ஏர்பேக்கைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்குப் பெரியது.

2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு புதுக் காரிலும் டிரைவருக்கு ஏர்பேக் கட்டாயம். அதாவது அந்த நாடா இப்போது எல்லோர் கைக்கும் அடியில் இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில வினாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் தள்ளிப் போடாதீர்கள். எரியவே இல்லை என்றால், பழைய கார் வாங்குகிறவர்கள் முக்கியமாகக் கவனியுங்கள், யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி விளக்கை மட்டும் அணைத்துக் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியை விடாதீர்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு உங்களை டீ குடிக்க அனுப்புகிறவரிடம் விடுங்கள்.