ஒப்பாரியும் இலக்கியமே

இறந்தாரை நினைந்து அழுவது மனித இயல்பு. அவ்வழுகைக்கு ஓசையும் அளவும் அமைந்து, பிறர் நெஞ்சிலும் அது சென்று பதியுமாயின் அதனை இலக்கியம் என்று கொள்வதில் தடையில்லை. புறநானூற்றுக் கையறுநிலைப் பாடல்களை மேடைதோறும் எடுத்து விளக்கும் புலவர் பெருமக்கள், தோட்டத்து லயத்தில் ஒரு மூதாட்டி வைக்கும் ஒப்பாரியைக் கேட்டால் முகஞ் சுளிக்கின்றனர். சீர்திருத்தம் பேசும் நம் தோழர்களிற் சிலரும் அதனை மூடப் பழக்கமென ஒதுக்குகின்றனர். இரு சாராரும் தவறுகின்றனர் என்பதே நமது கருத்து.

கையறுநிலை யாது? தலைவன் மாண்டபின் அவனைச் சார்ந்தோர் செயலற்று நின்று புலம்புவது. பாரி மகளிர் ஒரு திங்களுக்கு முன் கண்ட நிலவையும் அன்று கண்ட நிலவையும் ஒருங்கு நினைந்து, இழந்த தந்தையையும் குன்றையும் எண்ணினர். குடவாயிற் கீரத்தனார், சாத்தன் இல்லாத ஊரில் மலர்ந்த முல்லையை நொந்துகொண்டார். உலகம் மாறாதிருக்க, உரியவர் மட்டும் இல்லாமற் போன கொடுமையே இவற்றின் பொருள். ஒப்பாரி வைப்பவளும் இதனையே செய்கின்றாள். அவர் அமர்ந்த திண்ணையையும் வைத்த மரத்தையும் சுட்டி, இவை இருக்க அவர் எங்கே என்று கேட்கின்றாள். முறை ஒன்றே, ஒன்று ஏட்டில் ஏறியது, மற்றொன்று ஏறவில்லை.

ஆங்கில வழிக் கல்வி பெற்ற நாம், டென்னிசன் தம் நண்பர் 1833-இல் இறந்தது முதல் எழுதிச் சேர்த்து 1850-இல் வெளியிட்ட இரங்கற் பாக்களைப் பெருமையுடன் பயின்றோம். பதினேழாண்டு ஒருவர் அழுதது அங்கே கலையாகின்றது. நம் பாட்டியர் வாழ்நாள் முழுவதும் அழுதது இங்கே கூச்சலாகின்றது. இஃது எவ்வகை நீதி?

ஒப்பாரியின் பயன் இறந்தவர்க்கு அன்று, இருப்பவர்க்கே. மற்ற நாளில் வாய் திறவாத பெண், அன்று தமையன் செய்த வஞ்சனையையும் புகுந்த வீட்டார் செய்த கொடுமையையும் பாட்டில் வைத்துச் சொல்லுவாள், தடுப்பார் இல்லை. தோளோடு தோள் சேர்த்து அழும் பெண்கள் அவள் துயரைப் பங்கிட்டுக் கொள்வர். நெஞ்சு ஆறுவது இவ்வாறே.

குறை இல்லையோ எனின், உண்டு. தாலி இழந்தவள் தன்னையே இழிந்தவளாகப் பழித்துப் பாடும் அடிகள் பல. அவை பெண்ணின் குற்றமல்ல. அவளுக்கு அவ்வாறு கற்பித்த சமூகத்தின் குற்றம். ஆதலின் ஒழிய வேண்டியது அழுகை அன்று. பூவையும் பொட்டையும் பறிக்கும் சடங்கும், கருமாதிக்குக் கடன் வாங்கி ஊற்றும் மதுவுமே ஆகும்.

உடலே கிடைக்காதவர்க்கு எங்ஙனம் அழுவது? 1942, 1943 ஆண்டுகளில் சயாம்–பர்மா எல்லையூடே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடப்பட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7000 போர்க் கைதிகள் துயில்கின்றனர். அவரிற் பெரும்பாலோர்க்குப் பெயர் பொறித்த கல் உண்டு. நம்மவரிற் பெரும்பாலோர்க்கு அஃது இல்லை. பெயர் எழுதி, மயிற்பீலி சூட்டி நடுகல் எடுத்த இனம் நம் இனம்! ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ வந்தது 1993-இல், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ 2005-இல். இப்புதினங்களைக் கதைச் சுவைக்காக மட்டும் எடைபோடுவது போதாது. பாடப்படாது நின்ற ஒப்பாரியை அவை பாடின என்பதும் அவற்றின் தகுதியே.

தோட்டக் கணக்கில் ஒரு பெயரை நீக்க ஒரு கோடு போதும் என்பதைக் கிராணி வேலை நமக்குக் கற்பித்திருக்கிறது. அக்கோட்டுக்கு மறுமொழியாக நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அன்பர்களே, உங்கள் இல்லத்து மூதாட்டியரிடம் அமர்ந்து, அவர் அறிந்த ஒப்பாரியையும், அது யாருக்காகப் பாடப்பட்டது என்பதையும் எழுதி வையுங்கள். காலம் தாழ்த்தினால் பாடுவாரும் இரார். பாடப்பட்டவர் பெயரும் இராது.