பரங்கிமலை உச்சியிலிருந்து

சுமார் 300 அடி. மலை என்று சொன்னால் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் சென்னையின் தென்புறத்தை மொட்டைமாடி போலக் காட்ட இதைவிட நல்ல இடமில்லை.

நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட படிகள். 18ஆம் நூற்றாண்டில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிக்கொடுத்தவை. மூச்சு வாங்க ஏறினால், 1523இல் போர்த்துகீசியர் எழுப்பிய தேவாலயம். அந்தப் 'பரங்கி'கள்தான் மலைக்குப் பெயராகவும் ஒட்டிக்கொண்டார்கள்.

கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தால் முதலில் கண்ணில் படுவது மீனம்பாக்கம் ஓடுபாதை. சக்கரம் தரையைத் தொடும் நொடியில் சின்னதாக ஒரு புகை, பார்க்கும் பிள்ளைகள் "தொட்டுருச்சு!" என்று கத்துகிறார்கள். பக்கத்திலேயே 1931 முதல் மின்சார ரயில் ஓடும் தடம்.

தெற்கே பல்லாவரம். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கே ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது கற்கால மனிதனின் கோடரி. அதற்கப்பால் குரோம்பேட்டை, குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலை தந்த பெயர். பெயர்ப்பலகையைப் பார்க்கும் எத்தனை பேருக்குத் தோல் ஞாபகம் வரும்?

ஓடுபாதை, ரயில் தடம் போல இங்கே இன்னொரு கோடும் உண்டு, கண்ணுக்குத் தெரியாதது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இம்மலையருகே 100 அடி எஃகுச் சங்கிலியை நீட்டி, மடக்கி, மறுபடி நீட்டி, சுமார் 12 கிலோமீட்டர் அளந்தார். இமயம் வரை போன மாபெரும் முக்கோண அளவைக்கு அதுதான் தொடக்கம். அன்று சங்கிலி கிடந்த வெட்டவெளியில் இன்று தண்ணீர்த்தொட்டிகளும் துணிக்கொடிகளும்.