சொல்லற்ற சரணம்

பாட்டைப் பற்றித் தமிழில் எழுதப்படும் திறனாய்வு பெரும்பாலும் பாடலாசிரியரின் சொல்லோடு நின்றுவிடுகிறது. எதுகையும் உவமையும் ஆராயப்படும். பாடகரின் குரல் ஓரளவு பாராட்டப்படும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே ஒலிக்கும் கருவியிசையோ 'இடையிசை' என்ற பெயரோடு ஒதுக்கப்படும். ராக் இசையின் கிட்டார்த் தனியிசையைக் கேட்கும் மாணாக்கரைப் பார்த்து, 'இந்த இரைச்சலில் என்ன இருக்கிறது?' என்று ஆசிரியர் வினவுவதும் இப்பழக்கத்தின் விளைவேயாம். ஸ்கூடாய் போன்ற ஊர்களில் இவ்வினா ஒரு தலைமுறைக்கும் மேலாக எழுப்பப்பட்டு வருகிறது. அதற்கு விடை உண்டு.

கிட்டார்த் தனியிசையைக் கருநாடக இசையின் தனி ஆவர்த்தனத்தோடு ஒப்பிடுவோர் உளர். ஒப்புமை பொருந்தாது. தனி ஆவர்த்தனம் தாளக் கருவிகளின் கணக்கு. பாடகர் ஒதுங்கி நிற்க, மிருதங்கம் தன் திறம் காட்டும் இடம். ராக் பாட்டின் கிட்டாரோ பாட்டின் பொருளையே தொடர்ந்து சொல்லுவது. அதனைச் சொல்லற்ற சரணம் எனலே தகும்.

பிங்க் ஃபிளாய்டு குழுவினர் 1979இல் வெளியிட்ட 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்' இதற்கு நல்ல சான்று. இப்பாட்டில் டேவிட் கில்மரின் தனியிசை இரண்டு உண்டு. முன்னது அமைதியானது, ஆறுதல் கூறுவது போன்றது. பாட்டின் இறுதியில் வரும் பின்னது நீண்டது, ஆற்றாமையின் குரல். இருவகை உணர்ச்சிக்கும் கில்மர் கையாளும் உத்தி ஒன்றே. நரம்பை மெட்டின்மேல் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்து, சுரத்தை மெல்ல உயர்த்துகிறார். வீணைக் கலைஞர் கமகத்துக்குச் செய்வதும் அதுவே. விரைவு காட்டுவதில் அவருக்கு நாட்டமில்லை. ஒரு சுரத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை அறிந்தவர். பலமுறை வாசித்துப் பதிவு செய்து, சிறந்த பகுதிகளைத் தேர்ந்து இணைத்தே அந்தத் தனியிசை உருவாயிற்று. புலவன் அடித்துத் திருத்தி எழுதுவதை ஒத்தது இது. ஆகவே தனியிசை என்பது அந்தக் கணத்தில் பொங்கி வருவது மட்டுமே என்னும் கருத்து முழுவதும் சரியன்று. 'ஹோட்டல் கலிஃபோர்னியா'வின் இறுதித் தனியிசையைப் பதிவு செய்தபோது, முன்பு தாமே வீட்டில் நாடாவில் பதிந்திருந்த சுரங்களை மறந்துபோன டான் ஃபெல்டர், வீட்டுப் பணியாளரைத் தொலைபேசியில் அழைத்து அந்நாடாவை ஒலிக்கச் செய்து கேட்டதாகப் பின்னாளில் கூறியுள்ளார்!

இதற்கு நேர்மாறானவர் ஜிமி ஹெண்டிரிக்ஸ். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக் திடலில் அவர் அமெரிக்க நாட்டுப்பண்ணைக் கிட்டாரில் வாசித்தார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. பண்ணின் நடுவே குண்டு வீழும் ஓசையையும் ஓலத்தையும் நரம்பிலிருந்தே எழுப்பினார். சொல் ஒன்றும் இல்லை. ஆயினும் கேட்டவர்க்குப் பொருள் விளங்காமற் போகவில்லை.

ஜொகூருக்கும் இவ்விசையில் பங்கு உண்டு. ஸ்கூடாய்க்கு அணித்தேயுள்ள ஜொகூர் பாருவில் 1981இல் தோன்றியது 'சர்ச்' குழு. 1985இல் வெளிவந்த அதன் முதல் இசைத்தொகுப்பில் கிட்டார் வாசித்தவர் ஹிலரி ஆங் என்னும் சீனர். மலாய்ப் பாட்டின் சொல்லற்ற சரணத்தைச் சீனர் ஒருவரின் விரல் பாடியது. பினாங்குத் தமிழரான டேவிட் ஆறுமுகமும் லோகநாதனும் 'அலிகேட்ஸ்' குழுவின் வழி மலாய்ப் பாட்டில் நிலைத்த புகழ் பெற்றனர். இந்நாட்டில் கருவிக்கும் குரலுக்கும் இனவேலி இருந்ததில்லை.

எனினும் தமிழிசைக்குக் கிட்டார் இணங்குமா என்பது தனி வினா. பெரிய புராணம் கூறும் யாழ்மூரிக் கதை இங்கு நினைக்கத்தக்கது. திருத்தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் யாழின் நரம்பில் அடங்கவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மனம் நொந்து யாழை உடைக்க முற்பட்டார். குரலின் வளைவு கருவிக்குள் அடங்க மறுக்கும் இடர் அன்றே உணரப்பட்டது. கிட்டாரின் மெட்டுகள் தாழ்ந்தவை. நரம்பு வீணையில் போல நெடுக இழுபடாது. எல். சங்கர், விநாயக்ராம், ஜாகிர் உசேன் ஆகியோருடன் 'சக்தி' குழுவில் வாசித்த ஜான் மெக்லாஃப்லின், மெட்டுகளுக்கிடையே பலகையைக் குடைந்தெடுத்த கிட்டாரைச் செய்வித்துக்கொண்டது இதற்காகவே. தமிழகத்தின் பிரசன்னாவோ மின்கிட்டாரிலேயே கீர்த்தனைகளை வாசித்துக் காட்டினார். யாழை உடைக்க வேண்டுவதில்லை. கையையோ கருவியையோ மாற்றினாற் போதும்.

திரையிசையில் கிட்டாருக்கு உரிய இடம் தந்தவர்களுள் இளையராஜா தலையாயவர். 'மூடுபனி' (1980) படத்தின் 'என் இனிய பொன்நிலாவே' பாட்டிலும், 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா' பாட்டிலும் கிட்டாரை நீக்கிவிட்டால் எஞ்சுவது குறைவே. 'இளைய நிலா'வின் தொடக்கத்தில் ஒவ்வொன்றாய் உதிரும் சுரங்கள், பாடகர் வாய் திறக்குமுன்பே இரவையும் நிலவையும் கொண்டுவந்து விடுகின்றன. அவை இசையமைப்பாளர் எழுதித் தந்த சுரங்கள்; ஹெண்டிரிக்ஸுக்கு இருந்த உரிமை அங்கே இல்லை. ஆனால் நரம்பை எவ்வளவு அழுத்துவது, எங்கே விடுவது என்பது வாசிப்பவர் விரலுக்கே உரியது. எழுதிய சுரம் யாவர்க்கும் ஒன்று; ஒலித்த சுரம் ஒருவர்க்கே உரியது.

அவ்வொருவர் யார்? சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன் ஆகியோரோடு நில்லாது தண்ணுமையோனுக்கும் குழலோனுக்கும் யாழோனுக்கும் தனித்தனியே அமைதி கூறியது. திரைப்பாடல் இசைத்தட்டின் உறையோ பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்பதோடு பெரும்பாலும் முடிந்தது. ஹிலரி ஆங்கின் பெயரைத் தயங்காமல் சொல்லும் ஜொகூர்த் தமிழ் இளைஞர், 'இளைய நிலா'வில் கிட்டார் வாசித்தவரை அறியாதிருப்பின் அது அவர் குற்றமன்று. வாசித்தவர் ஆர். சந்திரசேகர். அவருடைய உடன்பிறந்தவரான புருஷோத்தமன் அதே இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவர்.