ஒருமுறை அழைத்தால் இருமுறை திரும்பும்

யூனிக்ஸில் புதிய பிராசஸ் ஒன்று வேண்டுமென்றால், ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை அப்படியே இரண்டாக்க வேண்டும். அதற்கான அழைப்பு ஃபோர்க். ஒருமுறை கூப்பிட்டால் இருமுறை திரும்பி வரும். தாயின் கையில் பிள்ளையின் எண், பிள்ளையின் கையில் பூஜ்யம். யார் தாய், யார் பிள்ளை என்று தெரிய அதுவே போதும்.

விண்டோஸில் இதே வேலைக்கான அழைப்பு 10 விவரங்கள் கேட்கும். எந்த புரோகிராம், எந்த டைரக்டரி என்று எல்லாவற்றையும் முன்னதாகவே ஒப்பிக்க வேண்டும். ஃபோர்க் எதுவும் கேட்காது. வேறு புரோகிராம் ஓட வேண்டுமா, பிள்ளை பிறகு எக்ஸெக்கை அழைத்துக்கொள்ளட்டும். எக்ஸெக்குக்குப் பின்னும் பிராசஸ் எண் மாறாது. மூடச் சொல்லிக் குறித்து வைக்காத ஃபைல்களும் திறந்தபடியே இருக்கும். கதவிலக்கம் அதேதான், குடித்தனம் வேறு.

இந்த இரண்டு அழைப்புகளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் என்னைக் கிறங்கடிக்கிறது. பிள்ளை பிறந்தாயிற்று, இன்னும் வேறு ஆளாகவில்லை. அந்தச் சில வரிகளுக்குள் அது தன் வெளியீட்டை ஒரு ஃபைலுக்குத் திருப்பிக்கொள்ளலாம், அதிகாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். ஷெல்லில் ஓர் அம்புக்குறி போட்டு விடையை ஃபைலில் சேமிக்கிறோமே, அது நடப்பது இங்கேதான்.

பெரிய திட்டம் எதுவும் போட்டு வந்ததல்ல இது. பெல் லேப்ஸில் பிடிபி-7 மெஷினில் ஓடிய முதல் யூனிக்ஸில் டெர்மினலுக்கு ஒரு பிராசஸ்தான். நினைவகத்தில் இருப்பதை டிஸ்குக்கு நகர்த்தும் வசதி முன்பே இருந்ததால், அதை வைத்தே 27 வரி அசெம்பிளியில் ஃபோர்க் முடிந்துவிட்டது என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி எழுதியிருக்கிறார். உடனே ஒரு வேடிக்கையும் நடந்தது. டைரக்டரி மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை! பிள்ளை தன் டைரக்டரியை ஒழுங்காக மாற்றிவிட்டுச் செத்துப்போகும். தாய் ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கும். டைரக்டரி மாற்றும் சிடி கட்டளை இன்றைக்கும் ஷெல்லுக்கு உள்ளேயே இருப்பது இதனால்தான்.

பின்னணியில் ஓடும் டீமன்களைத் தயாரிக்கும் பழைய முறையில் ஃபோர்க்கின் முழு வீச்சும் தெரியும். முதல் ஃபோர்க் முடிந்ததும் தாய் விலகிவிடும். வேலை முடிந்தது என்று ஷெல் நினைத்துக்கொள்ளும். பிள்ளை செட்சிட் அழைத்துப் புது செஷனுக்குத் தலைவனாகி, டெர்மினலின் பிடியிலிருந்து கழன்றுகொள்ளும். ஆனால் செஷன் தலைவனுக்கு மறுபடி ஒரு டெர்மினல் ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே இன்னொரு ஃபோர்க். தலைவனும் போய்விட, தலைமை இல்லாத பேரப்பிள்ளை மிஞ்சும். அது ரூட் டைரக்டரிக்கு நகர்ந்துகொள்ளும், இல்லையென்றால் தான் நிற்கிற டிஸ்கை யாரும் கழற்ற முடியாது. அநாதையான அதை வழக்கமாக 1ஆம் எண் பிராசஸ் தத்தெடுக்கும். பிஎஸ் கட்டளையில் தாயின் எண்ணைக் காட்டச் சொன்னால் அங்கே 1 என்று இருக்கும்.

சாவிலும் ஒரு நியதி உண்டு. முடிந்துபோன பிராசஸ், தாய் வந்து ‘வெயிட்’ அழைத்து முடிவை வாங்கிக்கொள்ளும் வரை பட்டியலில் ஜாம்பியாகக் கிடக்கும். ‘கில் -9’ அதன் மேல் பலிக்காது. செத்ததை என்னவென்று கொல்வது?

ஃபோர்க்குக்கே ஓய்வு கொடுத்துவிடலாம் என்று 2019இல் ஆண்ட்ரூ பாமன் முதலான நால்வர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார்கள். பல த்ரெட்கள் ஓடும் பிராசஸில் அது வம்பை இழுக்கும் என்பது உண்மை. அவர்கள் சொல்வதை அறிவு ஏற்கிறது, மனம் ஏற்க மறுக்கிறது.

டீமன்களுக்கான இரட்டை ஃபோர்க் வித்தைக்கு இப்போது அவ்வளவாக வேலை இல்லை. அந்தச் சேவைகளை எழுப்பும் பொறுப்பை சிஸ்டம்டி போன்றவை எடுத்துக்கொண்டுவிட்டன. பிஎஸ்டியின் ஐநெட்டியில் தலைகாட்டி, ஆப்பிளின் லாஞ்ச்டியில் (2005) வளர்ந்த ஒரு யோசனையை 2010இல் லென்னார்ட் போட்டரிங்கின் சிஸ்டம்டி லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. சேவை எழுவதற்கு முன்பே அதன் சாக்கெட்டை சிஸ்டம்டி திறந்து வைத்துவிடும். அதற்குள் யாராவது அழைத்தால் அழைப்பு கெர்னலின் வரிசையில் காத்திருக்கும். எந்தச் சேவையை முதலில் எழுப்புவது என்ற தலைவலி பெரும்பாலும் போய்விடுகிறது. அந்த சாக்கெட் சேவையின் கைக்கு எப்படிப் போகிறது? பிள்ளை பிராசஸ் அதை 3ஆம் எண்ணுக்கு நகர்த்தி வைத்துவிட்டு எக்ஸெக்கை அழைக்கிறது, அவ்வளவுதான். சிஸ்டம்டியை வைது தீர்க்கிறவர்கள் நிறைய. இந்த இடத்துக்காக நான் அவர்களோடு சேர்வதில்லை.