255க்குக் குறைவாக இருந்தால் மட்டும்

ஆர்டுயினோ ஊனோவில் 'மைக்ரோஸ்' என்றொரு ஃபங்ஷன் உண்டு. போர்டு ஓடத் தொடங்கி எத்தனை மைக்ரோசெகண்ட் ஆயிற்று என்று சொல்லும். வெவ்வேறு சிப்புகளுக்கான கிளைகளைத் தள்ளிவிட்டால் பத்து வரி தேறாது. இன்டரப்ட் கோளாறைத் தேடித் தூக்கம் கெட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஊனோ ஆர்3 போர்டில் இருப்பது ஏடிமெகா328பி. 8 பிட், 16 மெகாஹெர்ட்ஸ். அதன் டைமர் 0 முதல் 255 வரை எண்ணி வழியும்போதெல்லாம், அதாவது 1.024 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, இன்டரப்ட் புகுந்து ஒரு கணக்கில் ஒன்று கூட்டும். கணக்கு நான்கு பைட். சிப்போ ஒரு தடவைக்கு ஒரு பைட்தான் எடுக்கும். கணக்கு 255ஆக இருக்கையில் கீழ் பைட்டை எடுத்தாயிற்று. அடுத்ததை எடுப்பதற்குள் இன்டரப்ட் வந்து 256 ஆக்கிவிட்டால் கையில் கிடைப்பது 511. பழையதும் அல்ல, புதியதும் அல்ல. 'வாலட்டைல்' போட்டும் தீராது. எப்போதோ ஒருதரம்தான் வரும். பார்க்கலாம் என்று சீரியல் பிரின்ட் போட்டால் நேரம் நகர்ந்து கோளாறே ஒளிந்துகொள்ளும். (ஒரு பின்னை உயர்த்தி இறக்கி ஆஸிலாஸ்கோப்பில் பார்ப்பதே நாகரிகம்.)

மைக்ரோஸ் இன்டரப்ட்டை அடைத்துவிட்டுப் படிக்கிறது. அது எல்லோரும் செய்வது. முடிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிடாமல், முன்பே எடுத்துவைத்த ஸ்டேட்டஸ் ரிஜிஸ்டரைத் திரும்ப எழுதுகிறதே, அங்கேதான் இங்கிதம். அழைத்தவர் ஏற்கெனவே அடைத்து வைத்திருந்தால் அடைத்தபடியே இருக்கும்.

அதைவிட அழகு நடுவில் வரும் ஒரே நிபந்தனை. இன்டரப்ட்டை அடைத்தாலும் டைமர் நிற்பதில்லை. அந்த இடைவெளியில் வழிந்துவிட்டால் அதற்கான ஃப்ளாக் ஏறி நிற்கும். கணக்கு மட்டும் ஏறியிருக்காது. ஆகவே ஃப்ளாக் ஏறியிருந்தால் ஒன்று கூட்டு, ஆனால் படித்த டைமர் மதிப்பு 255க்குக் குறைவாக இருந்தால் மட்டும் என்கிறது அந்த வரி. ஏன் அந்த 'மட்டும்'? 255 என்று படித்திருந்தால், படித்த மறுகணம்தான் டைமர் வழிந்திருக்கிறது. அப்போது கூட்டினால் நேரம் 1024 மைக்ரோசெகண்ட் முன்னால் தாவிவிடும். இந்த இடுக்கைக் கண்டுபிடித்து அடைத்த கைக்கு ஒரு சபாஷ்.

குறை இல்லாமல் இல்லை. டைமர் இரண்டு முறை வழியும்வரை யாராவது இன்டரப்ட்டை அடைத்து வைத்தால் ஒரு வழிதல் தொலைந்ததுதான். இருப்பது ஒரே ஃப்ளாக். அது அடைத்து வைத்தவரின் குற்றம், இந்த வரியின் குற்றமல்ல. ஆர்டுயினோவின் மூலநிரல் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. 'வயரிங்.சி' கோப்பைத் திறந்து இந்த ஃபங்ஷனை ஒருதரம் நிதானமாகப் படித்துப் பாருங்கள்.