வீட்டு நெருப்பும் பௌர்ணமி வட்டமும்

கி.பி. 392 நவம்பரில் ரோமப் பேரரசன் தியோடோசியஸ் ஓர் ஆணை பிறப்பித்தான். ஊர்ப் பலியைத் தடுத்ததோடு அது நிற்கவில்லை, வீட்டுக்குள்ளும் புகுந்தது. இல்லக் காவல் தெய்வமான லாருக்கு நெருப்பு வளர்க்கக் கூடாது, விளக்கேற்றக் கூடாது, தூபம் போடக் கூடாது, மாலை சாத்தக் கூடாது. மரத்தில் நாடா கட்டினால்கூடக் குற்றம். மீறினால் சடங்கு நடந்த வீடோ நிலமோ பறிமுதல். கோயில்களை மூடினால் மட்டும் போதாது, பழைய சமயத்தின் உயிர் அடுப்படியிலும் மாடத்திலும் இருக்கிறது என்று அந்த அரசுக்குத் தெரிந்திருந்தது. அறுநூறு ஆண்டு கழித்து ஐஸ்லாந்து கிறித்தவத்தை ஏற்றபோது நடந்தது வேறு மாதிரி: ஊரறிய ஞானஸ்நானம், பழைய பலியை வேண்டுமானால் சாட்சியில்லாமல் வீட்டோடு செய்துகொள்ளலாம். சில ஆண்டுகளில் அந்தச் சலுகையும் பறிபோனது.

இன்று மேலை நாடுகளில் தங்களைப் பேகன், அதாவது கிறித்தவத்துக்கு முந்தைய சமயத்தார், என்று சொல்லிக்கொள்வோர் மீட்க முயல்வது இந்த வீட்டுச் சடங்கைத்தான் என்பது என் எண்ணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் அப்படிப் பதிந்தவர்கள் சுமார் 74,000 பேர். அவற்றுள் ஒரு மரபான விக்காவின் பெயரைத் தனியே எழுதியவர்கள் 13,000. இவர்களுக்குப் பொதுவான வேதமோ விசுவாசப் பிரமாணமோ கிடையாது. ஆகவே ஒருவரை அளக்க அவர் எதை நம்புகிறார் என்று கேட்டுப் பயனில்லை, என்ன செய்கிறார் என்றுதான் கேட்க வேண்டும். நம் கோயில் வழக்கில் சொன்னால், நைமித்திக விழாவை எல்லா மரபும் அழகாகச் செய்துவிடும். நித்திய பூசைதான் சோதனை. பண்டிகை ஏதுமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் உன் மரபு உன்னை என்ன செய்யச் சொல்கிறது?

விக்காவிடம் இதற்கு நெடுங்காலம் நல்ல பதில் இல்லை. அதை உலகறியச் செய்த ஜெரால்ட் கார்ட்னர் இளமையில் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலும், பிறகு மலாயாவின் ரப்பர் தோட்டத்திலும், அதன்பின் அங்கே சுங்க இலாகாவிலும் வேலை பார்த்தவர். நம்மவர் கூலிகளாகப் போய் உழைத்த அதே மண்தான். மலாய்க்காரர்களின் கிரிஸ் கத்தியைப் பற்றி 1936இல் நூல் எழுதியவர், தம் சடங்கின் நடுநாயகமாகக் கறுப்புப் பிடி வைத்த கத்தியொன்றை வைத்ததில் எனக்கு வியப்பில்லை. இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் 1951இல் ரத்தானது. 1954இல் இந்த மரபைப் பற்றிய கார்ட்னரின் புத்தகம் வெளிவந்தது. பௌர்ணமியன்று உப்புக் கலந்த நீர் தெளித்து, கத்தி முனையால் வட்டம் வரைந்து, நான்கு திசைகளையும் அழைத்து, தேவியை வேண்டி, பணியாரமும் மதுவும் பகிர்ந்து, அழைத்த திசைகளுக்கு விடைகொடுத்து வட்டத்தைத் திறப்பார்கள். 1953இல் சேர்ந்த டோரீன் வாலியன்ட், கார்ட்னரின் சடங்கு ஏட்டைத் திருத்தி எழுதினார். இன்று வட்டங்களில் ஒலிக்கும் நல்ல உரைநடைக்குப் பெரும்பாலும் அவர் கைதான் காரணம்.

இங்கே தரத்தின் அளவுகோல் பரம்பரை. உனக்குத் தீட்சை தந்தவர் யார், அவருக்குத் தந்தவர் யார் என்பதே கேள்வி. மூன்று படிகள், கையால் படியெடுக்க வேண்டிய ஏடு, வெளியே சொல்லக் கூடாத பகுதிகள். பௌர்ணமிக்கும் ஆண்டின் எட்டுப் பண்டிகைக்கும் இடைப்பட்ட நாள்கள் மட்டும் காலி. 1988இல் அமெரிக்கர் ஸ்காட் கன்னிங்காம், குருவும் குழுவும் இல்லாமல் தனியாக நோற்பவர்களுக்கென்று கையேடு எழுதினார். ஜன்னலோர மேசையே பீடம், ஒரு மெழுகுவர்த்தி, ஒரு கிண்ணம் தண்ணீர். பரம்பரைக்காரர்கள் முகம் சுளித்தார்கள். எனக்கென்னவோ, அன்றாடம் என்பது விக்காவுக்குள் வந்ததே இந்தப் பின்வாசல் வழியாகத்தான். தவறாகச் செய்தால் திருத்த ஆளில்லை என்று பரம்பரைக்காரர்கள் சொல்லும் குறையிலும் நியாயம் உண்டு.

அந்தக் குறைக்குப் பயிற்சியால் மருந்து தேடியவை, பண்டைக் கெல்டியப் பூசாரிகளின் பெயரைத் தாங்கிய துருயித் மரபுகள். ராஸ் நிக்கல்ஸ் 1964இல் தொடங்கிய ஆங்கிலேய அமைப்பு, பாணர், ஓவேட், துருயித் என்ற மூன்று படிகளைப் பின்னாளில் அஞ்சல்வழிப் பாடமாகவே நடத்தியது. நிக்கல்ஸும் கார்ட்னரும் நண்பர்கள். பலர் ஆதிகாலத்தது என்று நம்பும் எட்டுப் பண்டிகைச் சக்கரம் இன்றைய முழு வடிவம் பெற்றது 1950களில், இவர்களைச் சுற்றி. அதனால் அது பொய்யாகிவிடாது. ஆஸ்திரேலியாவில் பலர் அதை ஆறு மாதம் திருப்பிப்போட்டு, யூல் என்னும் குளிர்காலப் பண்டிகையை ஜூன் மாதத்தில் கொண்டாடுகிறார்கள். ஐசக் பொன்விட்ஸ் 1983இல் அமெரிக்காவில் நிறுவிய ஏ.டி.எஃப். என்ற துருயித் அமைப்பு இன்னும் கறார். பொதுச் சடங்கு எந்த ஊரில் நடந்தாலும் வரிசை ஒன்றே. அதன் தொடக்கப் பயிற்சியை மேற்கொள்பவர் வீட்டில் பீடம் அமைத்து அதைப்பற்றி எழுதித் தர வேண்டும், படித்த நூல்களுக்கு மதிப்புரையும் தர வேண்டும். சடங்குக்கு வீட்டுப்பாடம்!

செவ்வாய்க்கிழமைக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்பவர்கள் கிரேக்க மரபை மீட்பவர்கள். விடியலில் கழுவாத கையோடு ஸீயஸுக்கு மது வார்க்காதே என்று பண்டைக் கிரேக்கக் கவிஞர் ஹீசியட் எழுதியதை இன்றும் விதியாகவே கொள்கிறார்கள். கிண்ணத்து நீரில் எரியும் குச்சியையோ லாரல் இலையையோ அமிழ்த்தி அணைத்து, அந்த நீரால் கையும் முகமும் கழுவி, ஒரு பிடி பார்லி தூவி, அடுப்புத் தெய்வமான ஹெஸ்தியாவுக்கு முதல் துளி. இதைவிட என்னைக் கவர்ந்தது சரக்கறையின் காவலரான ஸீயஸ் க்தேசியோஸுக்கு வைக்கும் சாடி. மூடியுள்ள சிறு சாடி; காதுகளில் வெள்ளைக் கம்பளி நூல்; உள்ளே தூய நீர், ஒலிவ எண்ணெய், பலவகை விளைபொருள். இதன் செய்முறை அதீனேயஸ் என்ற பண்டை எழுத்தாளரின் நூலில் தற்செயலாகத் தப்பிப் பிழைத்தது. இன்று அரிசி டப்பாவுக்கும் பாஸ்தா பொட்டலத்துக்கும் நடுவே அந்தச் சாடி நிற்கிறது. அமாவாசை கழிந்து புது மாதம் பிறக்கும் நாளில் பலர் பழையதைக் கொட்டிப் புதிதாய் நிறைக்கிறார்கள். இவர்களுடைய அளவுகோல் பழைய நூல்களின் சான்று. கனவில் தேவதை சொன்னாள் என்றால், சரி, அது உன்னோடு இருக்கட்டும், ஊருக்கு விதியாக்காதே என்பார்கள். சில நேரம் இது அடிக்குறிப்புச் சண்டையாகவும் முடியும்.

லித்துவேனியாவின் பழைய சமயத்தை மீட்கும் ரோமுவா அமைப்பு சாட்சியாகக் காட்டுவது ஏட்டைவிடப் பாட்டிகளைத்தான். அரசு 1387இலேயே கிறித்தவமானாலும், நாட்டுப்புறத்தில் இரவில் அடுப்புக் கங்கைச் சாம்பலால் போர்த்தி நெருப்புத் தெய்வமான கபியாவைத் தூங்க வைப்பதும், அவள் குளிக்க ஒரு கிண்ணம் நல்ல தண்ணீர் வைப்பதும் நீடித்தன; நாட்டாரியலாளர்கள் பதிவு செய்தார்கள். ரோமுவாவின் முன்னோடியான யோனாஸ் டிரிங்கூனாஸும் நண்பர்களும் சோவியத் ஆட்சியிலேயே 1967இல் கெர்னாவேயில் வேனில் கதிர்த்திருப்ப விழாவை எடுத்தார்கள். நாட்டின் சுதந்திரத்துக்குப் பின் 1992இல் ரோமுவாவுக்குப் பதிவு கிடைத்தது. அதற்கு மேற்பட்ட அரசு அங்கீகாரத்தை நாடாளுமன்றம் 2019இல் மறுத்தது. 2021இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த மறுப்பு தவறு என்றது. 2024 டிசம்பரில் நாடாளுமன்றமே வழிவிட்டது. இனி இவர்கள் நடத்தும் திருமணம் சட்டப்படி செல்லும், பள்ளியில் பாடமாகவும் வரலாம். பாடம் என்றால் பாடத்திட்டம் வேண்டும், பாடத்திட்டம் என்றால் எந்த ஊர்ப் பாட்டி செய்தது சரி என்று யாரோ முடிவு செய்தாக வேண்டும். ரோமுவாவின் அடுத்த சச்சரவு அங்கேதான் பிறக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.